பச்சோந்திக்கு ஏற்ற கொழுகொம்பு

நாயும் பூனையும் கிளியும் வளர்ந்துவந்த நகர்ப்புற இல்லங்களில், அண்மை ஆண்டுகளாக அயல்நாட்டு ஊர்வனவும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவ்வரிசையில் பச்சோந்தியும் சேர்ந்துவிட்டது. அதை வாங்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர்: அது என்ன உண்ணும்? எப்போது நிறம் மாறும்? அது எதன்மீது நிற்கும் என்ற கேள்வி எவருக்கும் எழுவதில்லை. கூண்டை விற்பவரே இரண்டு நெகிழிக் கொடிகளையும் ஒரு வழவழப்பான கழியையும் உள்ளே செருகித் தந்துவிடுகிறார். அதோடு அந்த விவகாரம் முடிந்துவிட்டதாக நாமும் எண்ணிவிடுகிறோம்.

பச்சோந்தியைப் பொறுத்தவரை கிளை ஓர் அலங்காரப் பொருளன்று. அதன் தரையே கிளைதான். உண்பதும் உறங்குவதும் வெயில் காய்வதும் தண்ணீர் அருந்துவதும் கிளையின்மீதே நடைபெறுகின்றன. நாள் முழுவதும் ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டே வாழும் உயிர் அது. அதற்குப் பொருந்தாத கிளையைத் தருவது, நம்மை ஆயுள் முழுவதும் வழுக்கும் தரையில் நடக்கவிடுவதற்கு ஒப்பாகும். கீழே விழுந்து எலும்பு முறிந்த பச்சோந்திக்குச் சிகிச்சை அளிக்கவல்ல மருத்துவர்கள் நம் நாட்டில் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

கிளையைப் பற்றிப் பேசுமுன், எந்தப் பச்சோந்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் தோட்டத்து வேலியில் தலையாட்டும் ஓணானையே பலர் பச்சோந்தி என்று அழைக்கின்றனர். அது வேறு இனம். நம் நாட்டில் இயல்பாக வாழும் உண்மையான பச்சோந்தி ‘கமேலியோ செய்லானிக்கஸ்’ என்பதாகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. இதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். சாலையைக் கடக்கும் பச்சோந்தி ஒன்றைக் கண்டால், அது சென்றுகொண்டிருந்த திசையிலேயே அருகிலுள்ள மரத்தில் ஏற்றிவிட்டு வருவதே நாம் செய்யத்தக்கது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவருதல் ஆகாது.

வீடுகளில் வளர்க்கப்படுபவை முதன்மையாக இரண்டு அயல்நாட்டு இனங்கள். ஏமன், சவூதி அரேபியா நாடுகளைச் சேர்ந்த ‘வெயில்டு கமீலியன்’ ஒன்று. மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த ‘பேந்தர் கமீலியன்’ மற்றொன்று. இவை இரண்டும், சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 1976 முதல் இந்தியா அவ்வொப்பந்தத்தின் உறுப்பு நாடாகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, அத்தகைய உயிரினங்கள் நம் வனவுயிர்ச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2024இல் வெளியான விதிகளின்படி, அவற்றை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளத்தின் வாயிலாகத் தத்தம் மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளரிடம் பதிவுசெய்ய வேண்டும். விலைச்சீட்டும் முறையான ஆவணங்களும் தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே நலம். சமூக ஊடகத்தில் படத்தைக் காட்டி முன்பணம் கேட்பவரைப் பற்றி வங்கி அலுவலர்களாகிய நாங்கள் கூறுவதற்குப் புதிதாக ஒன்றுமில்லை: விலங்கை நேரில் காணுமுன் பணம் செலுத்தாதீர். ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் காலம் கடத்தாமல் 1930 என்னும் எண்ணை அழைப்பீர்.

இடுக்கி போன்ற பாதம்

கிளையைத் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் பச்சோந்தியின் பாதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஐந்து விரல்களும் இரண்டு கட்டுகளாக இணைந்து, இடுக்கியின் இரு தாடைகளைப்போல எதிரெதிரே அமைந்துள்ளன. முன்னங்காலில் உட்புறக் கட்டில் மூன்று விரல்களும் வெளிப்புறக் கட்டில் இரண்டும் உள்ளன. பின்னங்காலில் இந்த எண்ணிக்கை இடம்மாறி, உட்புறம் இரண்டும் வெளிப்புறம் மூன்றுமாக இருக்கும். சுவரில் ஓடும் பல்லியின் பாதத்திலுள்ள ஒட்டும் தன்மை இதற்குக் கிடையாது. தட்டையான பலகையோ கண்ணாடியோ இதன் காலுக்குப் பயன்படாது. உருண்டையாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் உள்ள ஒன்றை இறுகப் பிடிப்பதற்காகவே இப்பாதம் அமைந்திருக்கிறது.

இந்நான்கு இடுக்கிகளுக்கும் துணையாக நிற்பது வால். ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்கு எட்டும்போது, பின்னங்கால்களும் வாலுமே உடலின் முழு எடையையும் தாங்குகின்றன. நாவை எறிந்து பூச்சியைப் பிடிக்கும் வேளையிலும் உடல் முன்னே சாய, பின்பிடியே அதைக் காக்கிறது. பல்லியைப்போல வாலைத் துண்டித்துவிட்டு மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலும் பச்சோந்திக்கு இல்லை. கம்பி இடுக்கில் சிக்கியோ கயிற்றில் நெரிந்தோ வால் நுனி அழுகிவிட்டால், அவ்விழப்பு நிரந்தரமானது.

ஆகவே, கிளையின் பருமனை முதலில் நோக்க வேண்டும். பாதம் கிளையைச் சுற்றிப் பாதிக்கு மேல் வளைந்து பிடிக்க வேண்டும். அதே வேளையில், எதிரெதிர் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடவும் கூடாது. மிகவும் மெல்லிய கிளையில் நகங்கள் தன் பாதத்தையே குத்தும். மிகவும் பருத்த கிளையிலோ விரல்கள் விரிந்து நிற்குமேயன்றிப் பிடிப்பு இராது. வளர்ந்த ஆண் பச்சோந்திக்கு நம் கட்டைவிரலின் பருமன் ஏறக்குறையப் பொருந்தும். குஞ்சுகளுக்குத் தென்னை ஈர்க்கின் பருமன் முதல் பென்சில் பருமன் வரையுள்ள சுள்ளிகள் வேண்டும். பெரிய விலங்குக்கென்று அமைத்த கூண்டில் குஞ்சை விட்டு, ‘வளர்ந்து பழகிவிடும்’ என்று காத்திருப்பது முறையன்று. பழகுவதற்கு முன்னரே அது விழுந்துவிடும்.

ஒரே பருமனுள்ள உருளைக் கழிகளை வரிசையாக அடுக்குவதும் தவறே. நாள்தோறும் பாதத்தின் அதே இடமே அழுந்துவதால் அங்குப் புண் உண்டாகும். இயற்கைக் கிளையில் அடி பருத்து, நுனி மெலிந்து, நடுவே கணுக்களும் கவைகளும் இருக்கும். ஒரே கிளையில் பத்து வகைப் பிடிகள் கிடைக்கின்றன. இக்காரணத்தால், விலை கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும்விட, நல்ல கவைகள் கொண்ட கொய்யாக் கிளை ஒன்றே மேலானது என்பது எங்கள் துணிபு.

எந்த மரம், எந்தப் பொருள்

கொய்யா உறுதியானது; எளிதில் கிடைப்பது; பல கவைகளாகப் பிரிவது. அதன் பட்டை மெல்லிய செதில்களாக உரியும். தளர்ந்த செதில்களைத் தூரிகையால் தேய்த்து நீக்கிவிட்டால் போதுமானது. செம்பருத்தி, மல்பெரி ஆகியவற்றின் கிளைகளும் ஏற்றவை. மூங்கில் மலிவானதும் வலிமையுள்ளதும் ஆயினும், அதன் மேற்பரப்பு வழுக்கும். பிளந்த மூங்கிலின் சிலாம்பு பாதத்தில் ஏறும். அதைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமெனில் பிளவுபடாத முழுக் கழியை எடுத்து, மேற்பரப்பை அரத்தால் கீறிச் சொரசொரப்பாக்கிக் கொள்ளலாம்.

அரளி, பொன்னரளி, எருக்கு, கள்ளி ஆகியவற்றை எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது. இவற்றின் பாலும் சாறும் நஞ்சு. வெட்டியவுடன் பால் வடியும் எந்தக் கிளையையும் தவிர்ப்பது, பெயர் தெரியாத மரங்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல காப்பு. பிசின் மணம் வீசும் தேவதாரு, பைன் போன்ற மரங்களும் வேண்டா. சாலையோர மரத்தின் கிளையில் வாகனப் புகையின் படிவு இருக்கும். பூச்சிமருந்து தெளித்த தோட்டத்தின் கிளையில் மருந்து இருக்கும். எங்கிருந்து வந்தது என்று அறிந்த கிளையே நமக்கு ஏற்றது. கடன் கேட்டு வருபவரிடம் பிணையத்தின் மூலப்பத்திரம் கேட்பது எங்கள் அன்றாடப் பணி என்பதால், கிளைக்கும் மூலம் கேட்கும் இப்பழக்கம் எங்களுக்கு மிகையாகத் தோன்றுவதில்லை.

கொண்டுவந்த கிளையை முதலில் சோப்பு இன்றி நீரில் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு கொதிநீரை எல்லாப் பக்கமும் ஊற்றி, ஒரு வாரம் திருப்பித் திருப்பி வெயிலில் காயவைக்க வேண்டும். எறும்பும் வண்டும் அகன்றுவிட்டனவா என்பதைக் காய்ந்த பின் மீண்டும் பார்ப்பது நல்லது. வண்ணமும் வார்னிஷும் பூசுதல் கூடாது. விளக்கின் வெப்பத்தில் அவை வாடை விடும், மேற்பரப்பையும் வழுவழுப்பாக்கும்.

கடைகளில் கிடைக்கும் பொருள்களுள் மூன்றைக் குறித்து எச்சரிக்கை தேவை. முதலாவது, நெகிழ்நுரை பூசிய வளையும் கொடிகள். இவை புதிதாய் இருக்கும்போது நல்ல பிடிப்பைத் தருகின்றன. நாளடைவில் நுரை உதிர்கிறது. பூச்சியை நோக்கி எறிந்த நாவில் அத்துணுக்கு ஒட்டி வயிற்றுக்குள் செல்கிறது. உள்ளிருக்கும் கம்பியும் வெளியே தலைகாட்டுகிறது. இரண்டாவது, மணற்காகிதம் சுற்றிய கழிகள். பறவையின் நகத்தைத் தேய்ப்பதற்காக விற்கப்படும் இவை பச்சோந்தியின் மென்மையான பாதத்தோலைத் தேய்த்துவிடும். மூன்றாவது, கயிறு. சணலும் பருத்தியும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பிரிந்த இழை விரலைச் சுற்றி இறுகினால் குருதியோட்டம் நின்று விரலே போய்விடும். கயிற்றை முற்றிலும் விலக்க மனமில்லாதோர், முறுக்குத் தளராத தடித்த கயிற்றை மட்டும் பயன்படுத்தி, இழை பிரிந்த அன்றே அதை அகற்றிவிட வேண்டும்.

உயிருள்ள செடியை மறந்துவிடலாகாது. தொட்டியில் வைத்த செம்பருத்தி, கிளையும் இலைமறைவும் ஒருங்கே தருகிறது. பச்சோந்தி பாத்திரத்து நீரைப் பொதுவாக நாடுவதில்லை. இலையில் தங்கிய துளிகளையே நக்கி அருந்தும். ஆதலால் இலைக்கு எட்டும் தொலைவில் உறுதியான கிளை ஒன்று இருப்பது இன்றியமையாதது. வெயில்டு இனம் இலைகளையும் கடித்து உண்ணும். எனவே செடியில் மருந்தோ உரத்தூளோ இருத்தல் கூடாது. அழகுக்காக வைக்கும் டிஃபன்பேக்கியா வாயைப் புண்ணாக்கும் தன்மையது; அதைக் கூண்டருகே வைக்கவும் வேண்டா.

கிளையே வெப்பமானியாகும் விதம்

பச்சோந்தி தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அன்று. குளிர்ந்தால் வெப்பமுள்ள இடத்துக்கும், சூடேறினால் நிழலுக்கும் நடந்தாக வேண்டும். அந்நடைபாதை நாம் அமைக்கும் கிளைகளேயன்றி வேறன்று. வெப்பவிளக்கின் கீழே ஒரு கிளையை மட்டும் வைத்துவிட்டு மற்றப் பகுதியை வெறுமையாக விட்டால், அவ்விலங்கு சூட்டிலேயே கிடக்கவேண்டும், அல்லது வலைச் சுவரில் தொங்கவேண்டும்.

வளர்ந்த பச்சோந்தி ஒன்றுக்கு இரண்டடி நீளமும் இரண்டடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட வலைக்கூண்டு பொருத்தமானது. அதன் மேற்பகுதியில் கிடைமட்டமாக ஒரு கிளையை அமைத்து, அதுவே வெயில் காயும் இடமாக இருக்குமாறு செய்யலாம். அங்கு வெப்பம் 29 முதல் 32 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். அங்கிருந்து சாய்வாக இறங்கும் கிளைகள் நடுப்பகுதியின் இலைமறைவுக்கும், பின்னர்க் குளிர்ச்சியான கீழ்ப்பகுதிக்கும் வழிகாட்ட வேண்டும். ஒரு கிளைக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள இடைவெளி, வாலை நீக்கிய உடல் நீளத்தை மிஞ்சலாகாது. எங்கும் தாவிக் குதிக்கும் தேவை ஏற்படக் கூடாது என்பதே அளவுகோல்.

விளக்கை எப்போதும் கூண்டுக்கு வெளியே, வலைக்கு மேலேதான் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் பச்சோந்தி அதன்மீதே ஏறிவிடும். சூடு தோலைப் பொசுக்கும்போதும் அது உடனே விலகுவதில்லை. மேற்கிளையின் உயரத்தைக் கணக்கிடும்போது பலர் கிளையிலிருந்து விளக்கு வரை அளக்கின்றனர். வெயில்டு இனத்தின் தலையில் உயர்ந்த கொண்டை உண்டு. விளக்குக்கு அருகில் நிற்பது கிளையன்று, அக்கொண்டையே. ஆகவே விலங்கு நிமிர்ந்து நிற்கும்போது கொண்டை எட்டும் உயரத்தில் வெப்பமானியை வைத்து அளப்பதே சரி. புற ஊதாக் கதிர் விளக்குக்கும் இதே முறை பொருந்தும். மிக அருகில் இருந்தால் கண்ணுக்குக் கேடு. மிகத் தொலைவில் இருந்தால் உடலில் வைட்டமின் டி உருவாகாது, அதனால் கால்சியமும் சேராது. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு ஈடாகாது. புற ஊதாக் கதிரின் அப்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

நம் நாட்டின் கோடையை எண்ணாமல் எழுதப்பட்ட அயல்நாட்டுக் கையேடுகளை அப்படியே பின்பற்றுதல் ஆபத்தானது. மே மாதத்தில் நாகபுரியிலோ தில்லியிலோ அறையின் வெப்பமே 35 பாகையைத் தாண்டும்போது வெப்பவிளக்கு எதற்கு? அப்பொழுது வேண்டுவது கீழ்ப்பகுதியில் அடர்ந்த நிழலும் அங்கு நிற்பதற்கேற்ற கிளைகளும் குளிர்ந்த அறையுமே. கோடையில் ஓர் அறையை நாள்தோறும் குளிர்ச்சியாக வைத்திருக்க இயலாத இல்லத்தார் பச்சோந்தி வளர்க்கும் எண்ணத்தைக் கைவிடுவதே அவ்வுயிருக்குச் செய்யும் உதவி. மின்கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே வாங்குவதா என்று முடிவுசெய்ய வேண்டும்.

கட்டும் முறை

எத்துணை நல்ல கிளையாயினும் தளர்வாகக் கட்டினால் பயனில்லை. வலை மெல்லியது; கிளையின் சுமையை அது நெடுநாள் தாங்காது. கிளையின் முனைகள் கூண்டின் சட்டத்தின்மீது ஊன்றியிருக்க வேண்டும். கேபிள் டை எனப்படும் நெகிழிப் பட்டையால் சட்டத்தோடு பிணைத்து, முடிச்சும் வெட்டிய நுனியும் கூண்டுக்கு வெளியே இருக்குமாறு திருப்பிவிட வேண்டும். வெட்டிய நுனி கத்திபோல் கூரியது என்பதைக் கையில் கீறல் பட்டோர் அறிவர். குண்டூசி, ஆணிமுனை, கட்டுக்கம்பி ஆகியன உள்ளே நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. சிலிக்கோன் பசையால் ஒட்டுவதாயின், மீன்தொட்டிக்கென்று விற்கப்படும், பூஞ்சைக்கொல்லி கலவாத வகையை வாங்கி, அது முழுவதும் இறுகி மணம் நீங்கிய பிறகே விலங்கை உள்ளே விட வேண்டும்.

கட்டிய கிளையைச் சோதிக்க எளிய வழி உண்டு. வளர்ந்த பச்சோந்தியின் எடை பெரும்பாலும் இருநூறு கிராமைத் தாண்டாது. ஒரு கிலோ அரிசி கொண்ட பையைக் கிளையின் நடுவே தொங்கவிட்டு ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். கிளை உருளாமலும் சரியாமலும் இருந்தால் போதும். உருளும் கிளை முறியும் கிளையைவிடத் தீங்கானது. ஏனெனில் அதன் குறை பார்த்தவுடன் புலப்படுவதில்லை. கூண்டின் அடியில் கூழாங்கற்களைப் பரப்புவதும் வேண்டா. தவறி விழுந்தால் கல்லில் விழும். பூச்சியைப் பிடிக்கையில் கல்லையும் விழுங்கும்.

பெண் பச்சோந்திக்கு ஒரு தனி ஏற்பாடு வேண்டும். ஆணோடு சேராமலே முட்டையிடும் இயல்பு வெயில்டு இனப் பெண்ணுக்கு உண்டு. முட்டை சுமந்த உடலோடு அது தரைக்கு இறங்கி மண்ணைத் தோண்டும். ஓரடி ஆழமுள்ள ஈரமணல் தொட்டி ஒன்றை வைத்து, அதுவரை சரிவாக இறங்கும் பருத்த கிளையையும் அமைத்துத் தர வேண்டும். தோண்ட இடமின்றி முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டால் உயிருக்கே இடர்.

பச்சோந்தியைக் கிளையிலிருந்து பிடுங்கி எடுப்பது மிகக் கொடிய செயல். அது விடாது, நகமும் விரலும்தான் போகும். அதன் முன்னே கையையோ மற்றொரு கிளையையோ நீட்டினால் தானே ஏறி வரும். எளிதில் கழற்றத்தக்க சிறு கிளை ஒன்றைக் கூண்டில் வைத்திருந்தால், மருத்துவரிடம் கொண்டுசெல்லும் நாளில் அக்கிளையோடு சேர்த்தே எடுத்துச் செல்லலாம்.

கிளைகள் சரியாக அமைந்தும் விலங்கு அடிக்கடி விழுகிறதென்றால், குறை கிளையில் இல்லை. கால்சியக் குறைவால் எலும்பு மென்மையாகி, பிடிப்பு தளரும். கிளையைப் பிடிக்க வேண்டிய பாதம் தன் மற்றொரு காலையே பற்றிக்கொள்ளும், முழங்கை வளையும், பகலிலும் தரையில் கிடக்கும். விரல் வீக்கமும் நகம் உதிர்தலும் கிளையைப் பற்றிய எச்சரிக்கைகள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், எங்குள்ளார் என்பதை விலங்கை வாங்குமுன்பே விசாரித்து வைத்திருப்பது நன்று.

மழைக்காலத்தில் கிளைகளில் பூஞ்சை படரும். காலையில் தெளித்த நீர் நண்பகலுக்குள் உலர்கிறதா என்று நோக்க வேண்டும். பழுதான கிளைகளை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் அகற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. பழகிய பாதைகள் திடீரென மறைந்தால் அது அஞ்சி உணவைத் தவிர்க்கும். எந்தக் கிளையை விட்டுவைக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், விளக்கணைத்த பின் ஒரு கைவிளக்கின் மங்கிய ஒளியில் கூண்டைப் பார்க்கலாம். உறங்கும் பச்சோந்தி வெளிர்நிறம் கொண்டிருப்பதால் எளிதில் தென்படும். இரவுதோறும் அது தேடிச்சென்று உறங்கும் கிளையை மட்டும் கடைசியாக மாற்றுங்கள்.